கடைசி ஒரு அங்குலம்

சத்தம் போடாமல் நடக்கிற பையனை ஊரெல்லாம் நல்ல பையன் என்றுதான் சொல்லும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் மட்டும் அவனைக் கூப்பிட்டு நிறுத்தித் தண்டனை கொடுத்தார்கள்.

என் வயசுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது குதிங்கால் வலி இருக்கும். மீதிப் பேர் மறைக்கிறீர்கள். போன மாதம் எலும்பு டாக்டர் என் குதிங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல விளையாட்டு வீரரா இருந்தீங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்து அதுவரை யாருக்கும் வராத சந்தேகம். அந்தச் சந்தோஷத்திலேயே வலி பாதி குறைந்துவிட்டது. "இல்லைங்க டாக்டர், ஒன்பதாவது படிக்கும்போது மாணவர் படையில் இருந்தேன்" என்றேன். அவர் மாத்திரை எழுதினார்.

மாணவர் படையில் நான் சேர்ந்தது நாட்டுக்காக இல்லை. பரேடு முடிந்ததும் பூரியும் கிழங்கும் கொடுப்பார்கள். தேசபக்தி பிறகு வந்தது. அதுவும் இரண்டாவது பூரிக்குப் பிறகு.

சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகைப் பையன்கள் படித்தோம். ஒரு பாதி என்னைப் போல, மழையைப் பார்த்து விதைத்து, மழையைத் திட்டி அறுக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். மறு பாதி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் பட்டாசு ஆபீஸ்தான். மேஜை நாற்காலி இருக்காது, மருந்து இருக்கும். மருந்து என்றால் வெடிமருந்து. இந்த ஊரில் ஒவ்வொரு வார்த்தைக்கும் இப்படி ஒரு விளக்கம் தேவைப்படும்.

சனிக்கிழமை விடியும்போது பரேடு. எங்களைப் பழக்கியவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், வேலூர்ப் பக்கம். மீசையில் ஒரு முடி மற்றதைவிட நீண்டு நான் பார்த்ததில்லை. ஒழுக்கம் என்பதை அவர் உச்சந்தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவார். தலையில் கை வைத்தால் விரலிடுக்கில் முடி சிக்கக் கூடாது. நகத்தில் அழுக்கு கூடாது. காக்கிச் சட்டை கஞ்சி போட்டுத் தனியாக நிற்க வேண்டும், அதற்குள் நாங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் அவர் முகம் தெரிய வேண்டும். பாலிஷ் வாங்க வழியில்லாத நாங்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். வெயில் ஏறினால் எங்கள் படையிலிருந்து ரசம் கொதிக்கிற வாசனை வரும்.

"மூக்குல ஈ உக்காந்தா அது ஈயோட பிரச்சனை. உன் பிரச்சனை இல்ல" என்பார்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் பூட்ஸ். கறுத்த, முரட்டு பூட்ஸ். அடியில் ஆணி, குதிங்காலில் குதிரைக்கு அடிப்பதுபோல ஒரு இரும்பு லாடம். "தம்!" என்று அவர் கத்தினால் நிற்க வேண்டும். அந்த இந்தி எங்களில் ஒருத்தனுக்கும் புரியாது, காலுக்குப் புரியும். வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, ஓங்கித் தரையில் இறக்க வேண்டும். அத்தனை லாடமும் ஒரே நேரத்தில் இறங்கினால் ஒரே ஒரு சத்தம்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கனவு.

கேட்டதோ பாதிச் சத்தம். எங்கள் பாதி 'டொம்' என்றது. ஆபீஸ் வீட்டுப் பாதி ஒன்றுமே சொல்லவில்லை.

இதில் ஹவில்தாருக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், மற்ற எல்லாவற்றிலும் அந்தப் பாதிதான் சிறந்த பாதி. நேரத்துக்கு வருவார்கள். வரிசையில் பேச மாட்டார்கள். நிற்கச் சொன்னால் நட்ட கல்லாக நிற்பார்கள். ஆனால் காலை ஓங்கச் சொன்னால், தூக்குவார்கள், வேகமாக இறக்குவார்கள், தரைக்கு வரும்போது தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோலக் கிடத்திவிடுவார்கள். "வேணும்னே பண்றானுங்க. திமிர்" என்று முடிவு கட்டினார். பிரேயர் மேடைக்கு முன்னால் இருந்த சிமெண்ட் தளத்தில் அவர்களைத் தனியாக நிறுத்தி, மற்றவர்கள் பூரி சாப்பிடும்போது மிதிக்கச் சொன்னார். அவர்கள் மிதித்தார்கள். எங்களுக்கு நாங்கள் மெல்லுகிற சத்தம்தான் கேட்டது.

காரணம் சாதாரணம். அந்தக் காலத்தில் விடுமுறை விட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளும் அம்மாவோடு ஆபீசுக்குப் போவார்கள். இப்போது சட்டம் விடாது, விடாதது நல்லதுதான். அங்கே போனால் முதலில் சொல்லிக்கொடுப்பது வேலையை இல்லை, நடையை. வெறுங்காலோடுதான் உள்ளே போகணும். காலை இழுக்காதே, தேய்க்காதே, ஓங்கி வைக்காதே, ஓடாதே. தரையில் சிந்திக் கிடக்கிற மருந்துக்கு ஒரு உரசல் போதும். பேச்சு வருவதற்கு முன்னாலேயே அம்மா நடக்கிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு. எங்கள் வீட்டில் பசங்க திடுதிடுவென்று ஓடினால் "மாடு மேயுது" என்று சிரிப்பார்கள். அவர்கள் வீட்டில் முதுகில் ஒன்று விழும்.

இதை ஏன் யாரும் ஹவில்தாரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வரிசையில் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தாரே.

மார்கழிக் காலையில் ஒருநாள் இருட்டு சரியாகப் பிரியவில்லை. சிமெண்ட் தளத்தில் 'தம்!' வந்தது. நான் என் பலத்தையெல்லாம் கூட்டி இறக்கினேன். என் லாடத்திலிருந்து ஒரு பொறி பறந்தது. சின்னதுதான், மின்மினி அளவு. அடுத்த நொடி பார்த்தால் ஆபீஸ் வீட்டுப் பையன்கள் அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் நிற்கிறார்கள். வரிசை நூல் பிடித்தது போல இருக்கிறது. நாங்கள் மட்டும் முன்னால், பொக்கை வாயில் மிஞ்சிய பற்கள் மாதிரி.

"யார்றா உத்தரவு குடுத்தது?"

ஹவில்தார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையை அளந்தார்.

"லைன் நேராத்தான்டா இருக்கு. ஆனா ஒரு அடி பின்னால இருக்கு! எப்பிட்றா?" தண்டிப்பதா பாராட்டுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

எங்கள் அணித் தலைவன் வாயைத் திறந்தான். "தீப்பொறி சார்."

"எங்கடா?"

"இவன் கால்ல சார்."

ஹவில்தார் என்னிடம் வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். என் தோளைத் தட்டினார். "பாருங்கடா! பொறி பறக்குது! இதுதான்டா டிரில்!"

படிப்பிலும் ஓட்டத்திலும் பாட்டிலும் கிடைக்காத பாராட்டு எனக்குக் குதிங்காலில் கிடைத்தது. அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அணித் தலைவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சங்குளத்துப் பையன், பனைமட்டை மாதிரி ஒல்லி, குரல் மட்டும் ரெண்டு ஊருக்குக் கேட்கும். பட்டாளத்தில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. குடியரசு தின பரேடுக்கு விருதுநகரில் மாவட்டம் முழுவதிலிருந்தும் பள்ளிக்கு ஒருத்தனை எடுப்பார்கள். அந்த ஒருத்தன் தான்தான் என்று அவன் முடிவு பண்ணியிருந்தான். ஆனால் அவன் காலும் அந்த மற்றப் பாதிக் கால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டான் என்று அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் துவைகல் மேல் பூட்ஸோடு ஏறி நின்று ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தான். சத்தம்தான் வரவில்லை. அப்போது அவன் தாய்மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். ஆபீசில் போர்மேன். அவன் அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது வருவார் என்று தெரியாது. அந்த வீட்டில் முடிவு என்றால் மாமாதான்.

"ஏலே, என்ன கூத்து இது?"

"பரேடு மாமா."

"காலைத் தூக்கு." பூட்ஸைத் திருப்பி, இரும்பில் விரல் வைத்துப் பார்த்தார். "இது என்ன?"

"லாடம் மாமா."

"குதிரைக்கு அடிக்கிறது. எவனாச்சும் குதிரைய மருந்து ரூமுக்குள்ள விடுவானாலே?"

"அங்கன வந்தா வெறுங்கால்தான மாமா. இது பள்ளிக்கூடத்துக்கு மட்டுந்தான்."

"இது பள்ளிக்கூடம், இது ஆபீசுன்னு காலுக்குத் தெரியுமா? பழகுனா பழகுனதுதான். ஒருநா அசந்து மறந்து ஓங்கி வச்சேன்னு வையி, நீ ஒருத்தனா போவ? எம்புட்டுப் பொம்பளையாளுக உக்காந்திருக்காக உள்ள. உங்கம்மாவும் அங்கனதாம்லே இருக்கா."

உள்ளேயிருந்து அவன் அம்மா, "அண்ணே, பட்டாளம் பட்டாளம்னு கெடக்கான். அதைக் கெடுத்துராதீக" என்றார்கள்.

மாமா சைக்கிள் சீட்டைத் தடவினார். "சரி. விருதுநகர் பரேடுக்கு இவனை எடுத்தாகன்னா சனிக்கிழமை இவனுக்கு. எடுக்கலேன்னா சனிக்கிழமை எனக்கு. ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்கு. அங்கன வேலைக்கு ஆள் இல்லாம நான் அல்லாடுறேன், இவன் இங்கன கல்லு மேல நின்னு காலை உதறுதான்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். சனிக்கிழமை போன பையனுக்கு அப்புறம் வெள்ளிக்கிழமை போகும். பிறகு வியாழன். கடைசியில் வருகைப் பதிவில் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஆள் போய்விடுவான். எங்கள் வகுப்பிலேயே அப்படி ரெண்டு பெஞ்சு காலி.

"இன்னொண்ணு. இந்த இரும்பு என் தங்கச்சி வீட்டு வாசல்ல இருக்கக் கூடாது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க காடு பெரிசுல்ல? நீங்க கொண்டுபோயி எங்கனயாச்சும் போட்டு வைங்க."

மருமகனுக்கு ஏலே, அதே வயசுப் பையன் எனக்கு நீங்க. அப்போது அது எனக்கு வெயில் அடிக்கிற மாதிரி இயல்பாக இருந்தது. அந்த 'நீங்க' எனக்கு இல்லை, எங்கள் அப்பாவின் கரிசல் காட்டுக்கு என்று புரிய எனக்கு நரை விழ வேண்டியிருந்தது.

பூட்ஸ் எங்கள் பம்புசெட் ரூமுக்குக் குடிவந்தது. அவன் தினமும் சாயங்காலம் வந்து, தொட்டிக்குப் பக்கத்துச் சிமெண்டில் நின்று மிதித்தான். நான் பயிற்சியாளன். காலில் பொறி பறக்கிறவன் அல்லவா.

"என்னலே ஆகுது உனக்கு?"

"தெரியல. மேலருந்து நல்லா வேகமாத்தான் வருது. கடைசி ஒரு அங்குலத்துல அதுவா நின்னுருது."

"கண்ணை மூடிக்கிட்டு வை."

வைத்தான். "இன்னும் மெதுவா வருது."

"ஹவில்தார் மூஞ்சிய நினைச்சுக்கிட்டு மிதி."

"நினைச்சேன். பாவமா இருக்கு."

கடைசியாக ஒரு யோசனை செய்தேன். அவன் காலைத் தூக்கிய நேரம் பார்த்துப் பின்னாலிருந்து நான் 'டொம்'மென்று மிதித்தேன். அவன் பூட்ஸோடு தொட்டிக்குள் பாய்ந்தான். பூட்ஸ் காய மூன்று நாளாயிற்று.

கோபப்படவில்லை. அவனுக்குக் கோபப்பட நேரமில்லை. பூட்ஸ் காய்கிற நாட்களிலும் வந்தான். வெறுங்காலோடு வரப்பில் நடந்தபடி, நடக்க "தேஸ் சல்!", நிற்க "தம்!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டான். எங்கள் உழவு மாடு அந்தக் குரலுக்கு நின்றது. பூட்ஸ் காய்ந்து காலில் ஏறியதும் அவன் குதிங்கால் மட்டும் பணியவில்லை.

தேர்வு செய்கிற அதிகாரி ஜீப்பில் வந்தார். நரைத்த கிருதா, கையில் ஒரு சின்னப் பிரம்பு. முதலில் படை முழுவதையும் அணித் தலைவன் நடத்திக் காட்டினான். அப்படி ஒரு குரலை அந்த மைதானம் அதற்கு முன் கேட்டதில்லை. அதிகாரி புருவத்தை உயர்த்தி ஹவில்தாரைப் பார்த்தார். ஹவில்தார் தான் பெற்ற பிள்ளை மாதிரி நிமிர்ந்தார். அப்புறம் ஒவ்வொருத்தனாகச் சிமெண்ட் தளத்தில் நடந்து வந்து நிற்க வேண்டும்.

பள்ளிக்கூட வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். அவன் அவரைப் பார்த்துவிட்டான். பார்த்ததை யாருக்கும் காட்டவில்லை.

நான் போனேன். மிதித்தேன். பிரேயர் மேடையில் இருந்த புறா பறந்தது. அதிகாரி தலையசைத்தார்.

அவன் வந்தான். நடை என்றால் அதுதான் நடை. கை வீச்சு, நெஞ்சு, பார்வை, எல்லாம் அச்சில் வார்த்தது. வந்தான், காலைத் தூக்கினான், இறக்கினான். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொரு தரம்" என்றார் அதிகாரி.

இறக்கினான். ஒன்றும் கேட்கவில்லை.

"கால்ல அடிபட்டிருக்கா?"

"இல்லீங்க சார்."

"பின்ன ஏன் சத்தம் வரல?"

"ஓங்கி வைக்கக் கூடாதுன்னு எங்க மாமா சொல்லியிருக்காக சார்."

மைதானம் சிரித்தது. ஹவில்தார் மீசை துடித்தது.

"உங்க மாமா பெரியவரா, உங்க ஹவில்தார் பெரியவரா?"

இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னாலும் ஒருத்தரிடம் அடி உண்டு. அவன் அசையாமல் யோசித்தான். "அங்கன மாமா சார். இங்கன ஹவில்தார் சார்."

"இப்ப எங்க நிக்கிற?"

"இங்கன சார்."

"அப்ப ஓங்கி வை."

அவன் காலைத் தூக்கினான். தொடையில் நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. கால் வந்தது, வந்தது, வந்து நின்றது. அந்த ஒரு அங்குலம் அப்படியே காற்றில் இருந்தது. அவன் முகம் முழுக்க வேர்வை. பிறகு திடீரென்று குனிந்தான். முடிச்சை அவிழ்த்தான். ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, அதிகாரி முன்னால் நிற்கிறார், மாணவர் படைச் சரித்திரத்தில் எவனும் செய்யாத காரியமாக, இரண்டு பூட்ஸையும் கழற்றி, காலுறையையும் உருவி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, நிமிர்ந்து, வெறுங்காலைத் தூக்கி ஓங்கி இறக்கினான்.

அப்படி ஒரு அறை. தோலும் சிமெண்டும் மோதிய சத்தம் வகுப்பறைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி அறைந்தான். இரும்பு இல்லை, பொறி இல்லை, வெறும் கால். நான்காவதற்கு ஹவில்தாரே "போதும்டா" என்று ஓடிவந்தார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "நல்ல பையன்தான். ஆனா சீருடையைப் பாதியில கழட்டுறவனை நான் கலெக்டர் முன்னால எப்படி நிறுத்துறது?" என்றவர், பிரம்பை என் பக்கம் நீட்டினார். "அந்தக் குண்டுப் பையனை எடுத்துக்கங்க. கால்ல உயிர் இருக்கு."

குண்டுப் பையன் அதற்குப் பிறகு அன்று பூரி கேட்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அவன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்குப் போனான். நான் பின்னால் போனேன்.

"எடுத்தாகளா?" என்றார் மாமா.

"இல்ல."

"பாதத்தைக் காட்டு." காட்டினான். ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. "வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்." மாமா குரல் தணிந்தது. "அம்புட்டுப் பேரு பாக்க, ஆபீசரே அதட்டியும், இரும்போட உன் காலு எறங்கலேல்ல. இனி எவன் சொன்னாலும் எறங்காது. அது போதும் எனக்கு. சனிக்கிழமைய நீயே வச்சுக்க."

"எடுக்கலையே மாமா."

"அது அவுக கணக்கு. இது என் கணக்கு. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போ." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருஷம் கழித்து யோசிக்கிறேன். ஹவில்தார் பார்த்தது திமிர். மாமா பார்த்தது பேச்சு மீறாத மருமகன். தொட்டியோரத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்த எனக்குத் தெரியும், அவன் இரண்டும் இல்லை. மாமா பேச்சை மீறத்தான் அவன் ஒரு மாதமாக உயிரைக் கொடுத்து முயன்றான். கால்தான் கேட்கவில்லை. அதை அவன் மாமாவிடம் சொல்லவில்லை. நான் சொல்வேனா?

அடுத்த சனிக்கிழமை பரேடு முடிந்ததும் என்னை நேராக பம்புசெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஏலே, நீ மிதிக்கிறது இடி மாதிரித்தான் இருக்கு. ஆனா வலது காலு வைக்கிற எடத்துல இடது காலை வைக்கிற. எனக்குத் தெரியும், ஆபீசருக்குத் தெரியல. விருதுநகர்ல போயி அம்புட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடுவுல இப்பிடி நின்னா நம்ம மானம் என்னத்துக்கு ஆகும்?"

"நீ போயிருக்கணும்லே" என்றேன். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தேன்.

"அந்தப் பேச்சை விடு. அடுத்த வருஷம் நான் போவேன். எப்பிடிப் போறதுன்னு நான் யோசிச்சுக்கிடுதேன். இப்ப நீ போற. அழாம நேரா நில்லு. சாவ்தான்!"

நின்றேன். அவன் வெறுங்காலோடு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். "தேஸ் சல்!" என்றான். நடந்தோம். பக்கத்தில் நடக்கிறவன் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. என் லாடம் மட்டும் தடுமாறித் தடுமாறிக் கேட்டது. "தம்!" தப்பு. "தம்!" தப்பு. வெயில் உச்சிக்கு வந்தது. என் சட்டையின் கஞ்சியெல்லாம் கரைந்து ஓடியது. ஏதோ ஒரு சுற்றில், எப்படி என்று தெரியவில்லை, சரியான கால் சரியான நேரத்தில் சிமெண்டில் இறங்கியது.

"சரியா வச்சேனா?"

"வச்ச" என்றான் அவன், என்னைப் பார்க்காமல், நேராகப் பார்த்தபடி. "மறுபடியும் நட."